சிலுப்பாத கெடா

ஒரு ஊர்ல ஒரு கெடா இருந்துச்சு. ராசா இல்லையா பெரியம்மான்னு கேக்காத. இந்தக் கதையில ராசாவே கெடாதான். செவலைக் கெடா. ம் கொட்டு. கொட்டலேன்னா நான் தூங்கிருவேன்.

ம். அந்தக் கெடாவை வளத்தவ குருவம்மா. தாய் ஆடு குட்டியப் போட்டுட்டு செத்துப்போச்சு. அப்போ இவதான் துணிய நனச்சுப் பால் குடுத்து வளத்தா. அது அவ சேலையப் புடிச்சுக்கிட்டே திரியும், நீ என் சேலையப் புடிச்சுக்கிட்டுத் திரியுதியே, அப்படி.

அந்த ஊர்ல கரையடிக் காளின்னு ஒரு ஆத்தா. வருசா வருசம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு வீட்டுக் கெடாவ வெட்டணும். அந்த வருசம் குருவம்மா வீட்டு முறை. மாட்டேன்னு சொன்னா ஊர் விடுமா? அழுதா, சோறு எறங்கல. அப்புறம் கண்ணத் தொடச்சுக்கிட்டு யோசிச்சா.

அங்க ஒரு வழக்கம் உண்டு. வெட்டுறதுக்கு முன்னால பூசாரி ஆத்தாகிட்ட வாய் தொறந்து கேப்பாரு. கேட்டுட்டுக் கெடா தலையில மஞ்சத் தண்ணி ஊத்துவாரு. கெடா சிலுசிலுன்னு ஒடம்ப ஒதறினா ஆத்தா சம்மதிச்சுட்டான்னு அர்த்தம். ஒதறலேன்னா அருவாள எடுக்கப்படாது. கெடாவத் தெனமும் குளிப்பாட்டுறவளுக்குத் தெரியாதா, காதுக்குள்ள தண்ணி போனாத்தான் அது ஒதறும்னு. அதனால என்ன செஞ்சா? ரெண்டு காதுலயும் பஞ்ச வச்சு அடச்சுட்டா. சிரிக்காத, தூக்கம் கலஞ்சிரும்.

கொடை அன்னிக்கு டண்டணக்கு டண்டணக்குன்னு மேளம். பூசாரி, "ஆத்தா, பூசைய ஏத்துக்கிறியா?"ன்னு கேட்டுட்டு ஒரு சொம்புத் தண்ணிய ஊத்துனாரு. சளக். கெடா சும்மா நின்னுக்கிட்டு மாலையில இருந்த பூவத் தின்னுச்சு. மொறுக் மொறுக்.

மேளம் நின்னு போச்சு. ஆத்தாளுக்கு என்ன மனத்தாங்கலோ, யாரு தப்புப் பண்ணுனதோன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. மேளக்காரங்க காலையில இருந்து வெயில்ல பட்டினியா நிக்காங்களேன்னு யாரோ சொன்னாங்க. அத்தனை வருசமும் அப்படித்தான் நின்னாங்க, அன்னிக்குத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஒடனே பந்தலுக்குள்ள கூப்புட்டு எல வச்சு சோறு போட்டாங்க.

அப்புறம் ரெண்டாவது சொம்பு. சளக். கெடா ஒரு கொட்டாவி விட்டுச்சு.

அப்போ எல்லாரும் ஊர்த் தலைவரு வெயிலுமுத்துவத் திரும்பிப் பாத்தாங்க. அவரு தங்கச்சி சண்முகக்கனி கீழத்தெருப் பையனக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. அன்னையில இருந்து இவரு அவகூடப் பேச்சுவார்த்தையே கெடையாது. ஊரே பாக்குது, கெடாவும் பாக்குது. மனுசன் என்ன செய்வாரு? தங்கச்சியக் கூட்டிட்டு வரச் சொல்லி ஆள் விட்டாரு.

அவ இடுப்புல ஒரு தண்ணிக் கொடத்தோட வந்தா. அண்ணன் மெல்ல, "வா தாயி"ன்னாரு. தாயிக்குக் கண்ணு கலங்கிருச்சு, ஆனா விட்டுக் குடுக்கல. "ஒன் வீட்டுக்கு நான் வர்றது இருக்கட்டும். எங்க தெரு உப்புத் தண்ணியக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கு. கோயில் கெணத்தத் தொறந்து விடு"ன்னா.

கோயில் கெணத்துத் தண்ணி எளநி மாதிரி இருக்கும். ஆனா அது ஆத்தா குளிக்கிற கெணறு, கீழத்தெரு ஆளு தொடப்படாதுன்னு எவனோ எப்பவோ சொல்லி வச்சுட்டான். ஆத்தா எவன்கிட்டச் சொன்னாளோ, கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு அதை நெனச்சாலே பத்திக்கிட்டு வரும்.

"அது ஆத்தாளோட கெணறுல்லா?"ன்னு வெயிலுமுத்து இழுத்தாரு.

"அப்போ ஆத்தாகிட்டயே கேளு"ன்னா தங்கச்சி.

வேற வழி? பூசாரி, "ஆத்தா, ஒன் கெணத்தக் கீழத்தெருவுக்கும் தொறந்து விடவா?"ன்னு கேட்டாரு. அவரு சொம்ப எடுக்குறதுக்குள்ள இவ கொடத்தையே தூக்கிக் கெடா தலையில கவுத்துட்டா. கொடகொடகொடன்னு. பஞ்சு ரெண்டும் நனஞ்சு பொத்துனு விழுந்துச்சு. கெடா சிலுசிலுசிலுன்னு ஒதறுச்சு பாரு, பூசாரி மீச வரைக்கும் தண்ணி.

பஞ்சு என்னாச்சா? சண்முகக்கனி பாத்துட்டா. பாத்துட்டு, பாக்காத மாதிரி கால அது மேல வச்சுக்கிட்டா. சரியான ஆளு.

ம் எங்க? ம். அப்போ ஊரே குலவ போடுது. அருவாக்காரன் அருவாளத் தூக்குறான். குருவம்மாவுக்கு உசுரே போயிருச்சு. ஓடிப் போய்க் கெடா கழுத்தக் கட்டிக்கிட்டா. "இப்போ ஆத்தாகிட்ட என்ன கேட்டீங்க? கெணத்துக்குத்தான கேட்டீங்க? கெணத்துக்குச் சம்மதம்னு சொல்லிட்டா. கெடாவ வெட்டச் சொன்னாளா?"

பூசாரி தலையச் சொறிஞ்சாரு. நாயம்தான. சரி, கெடாவுக்கு இன்னொருக்க கேப்போம்னு சொம்ப எடுத்தாரு.

ஊரே ஒரு எட்டுப் பின்னால போச்சு. ஏன் தெரியுமா? இந்தத் தடவை ஒதறலேன்னா அடுத்து யாரு வீட்டு வண்டவாளம் வெளிய வரும்? பால்ல தண்ணி ஊத்துறவன் வானத்தப் பாக்கான். பக்கத்து வயல் வரப்ப வெட்டித் தள்ளுனவன் குனிஞ்சு காலப் பாக்கான். பூசாரி சொம்புத் தண்ணியவே பாத்துக்கிட்டு நிக்காரு. ஆத்தா வெளக்குக்கு வந்த எண்ணெயிலதான அவரு வீட்ல அன்னிக்கு வட சுட்டாங்க.

மெதுவாச் சொம்பக் கீழ வச்சுட்டாரு. "ஆத்தாளுக்கும் அலுப்பா இருக்கும். எத்தனை தடவதான் கேக்குறது"ன்னாரு. ஆமா ஆமா, பொங்கலே போதும்னு ஊரே சொல்லுச்சு. அவ்வளவு வேகமா அந்த ஊர் எதுக்கும் ஒத்துக்கிட்டதே கெடையாது.

குருவம்மா கெடாவக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போனா. அன்னிக்குச் சாயங்காலமே கீழத்தெரு கெணத்தடிக்கு வந்துருச்சு.

என்னது? ஏமாத்துனதுக்கு ஆத்தா கோவிக்கலையாவா? அடி கழுத. இன்னைக்கும் அவளுக்குக் கீழத்தெருப் பொம்பளைங்கதான் அந்தக் கெணத்துல எறச்சு ஊத்துறாங்க. கொடம் கொடமாக் குளிச்சுட்டு மினுமினுன்னு நிக்கா. வந்து பாரு, கோவக்காரி மூஞ்சி மாதிரியா இருக்குன்னு.

கெடா படுத்துருச்சு, குருவம்மா படுத்துட்டா, ஆத்தாளும் அசந்துட்டா. நீயும் கண்ண மூடு.