தலைவரின் முதல் உதை

ஜெர்மனியில் சின்ன அணிகளிலேயே கால்பந்து விளையாடிக் காலம் தள்ளிய டெட்லெஃப், ஓய்வுக்குப் பின் வீரர்கள் சங்கத்தின் மேலாளரானான். ஒரு ஜனவரியில், ஆட்டத்தன்று மைதானம் உறைந்து கண்ணாடியாய்க் கிடந்தது. கால் போனால் பிழைப்பே போச்சு என்று வீரர்கள் தயங்க, நடுவரும் யோசித்தார். கிளப் தலைவர் வோல்ஃப்ராமுக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தரை பட்டு மாதிரி இருக்கு. ஆடியே தீரணும்!"

"ஆடிடலாம் தலைவரே," என்றான் டெட்லெஃப். "வருஷத்தோட முதல் ஆட்டமாச்சே. வழக்கம்போல நீங்கதான் பந்தை உதைச்சு ஆரம்பிச்சு வைக்கணும்."

பூரித்துப்போய் இறங்கிய தலைவர், நாலடி வைப்பதற்குள் சறுக்கி, கூடவே வந்த டெட்லெஃபின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"யோவ், விட்டுடாதே! இதுல விழுந்தா என் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

அதைக் கேட்ட நடுவர் ஆட்டத்தை ரத்து செய்தார்.

"எங்க பசங்களுக்கும் ஆளுக்கு ஒரு இடுப்புதான் தலைவரே," என்றபடி டெட்லெஃப் அவரைப் பத்திரமாய்க் கரையேற்றினான்.