கரிச்சான் கரிந்த கதை

"முன்னே ஒரு கூர்மை போனால் காற்று விலகிக்கொள்ளும், பின்னால் வருகிற உடம்புக்குச் சுடாது..." இதற்கு மேலும் ஏதோ சொல்லிவிட்டுத்தான் பைரியின் கிழ மாமன் கண்ணை மூடியது. பைரிக்கு மீதி மறந்துபோயிற்று.

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு இருந்தது. வல்லூறுகளிலேயே உயரத்திலிருந்து பாய்வது பைரிதான். ஆனால் பாதி வழியிலேயே காற்று நெஞ்சுக்கு எதிரே சுவராகக் குவியும், அடுப்பங்கல்லாய்ச் சுடும். தாங்க முடியாமல் சிறகை விரித்துவிடும். புறா தப்பிவிடும். பாறை இடுக்கில் குஞ்சுகள் கத்தவும் தெம்பில்லாமல் கிடந்தன.

பக்கத்துப் பனையில் வெள்ளையன் என்றொரு குருவி. பால்நிறம், ஒற்றை வால், ஓயாத வாய்.

"என்னண்ணே, இன்னைக்கும் காத்தைத்தான் தின்னீங்களா?"

மாமன் சொன்னதைப் பைரி சொன்னது. "கூர்மைக்கு நான் எங்கடா போவேன்?"

"ஏன், என் மூக்கு மழுங்கியா கிடக்கு? என் வாலைக் கவ்விக்குங்க, நான் முன்னால நீட்டிக்கிறேன். சுட்டா கத்துவேன், உடனே சிறகை விரிச்சிரணும். சரியா?"

"சரிடா தம்பி."

மேகத்துக்கு மேலிருந்து பாய்ந்தார்கள். குருவியின் மூக்கு நுனியில் காற்று பிளந்து, குடை விரித்தாற்போல் விலகி ஓடியது. பைரியின் நெஞ்சு குளிர்ந்தே இருந்தது. அப்படியொரு வேகத்தை அது கண்டதில்லை.

"அண்ணே, சுடுது!"

புறா எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

"அண்ணே, விரிங்க!"

பைரிக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. இன்னும் கொஞ்சம்தான் என்று நினைத்தது.

புறா நகங்களில் சிக்கியபோது, அலகில் இருந்த வால் நடுவே கிழிந்து இரண்டாகிவிட்டது. குருவி புல்லில் கரிக்கட்டையாய் விழுந்தது. உயிர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பைரி அதன்மேல் முகம் வைத்து அழுதது. கண்ணீரோடு கரி கலந்து கன்னத்தில் வழிந்தது. மாமன் சொன்ன மீதி அப்போதுதான் ஞாபகம் வந்தது: "...ஆனால் அந்தச் சூடு எங்கேயும் போய்விடாது. முன்னே போகிறவன் தலையில்தான் இறங்கும்."

குஞ்சுகள் தின்றன. பைரி தின்னவில்லை.

குருவி தேறி எழுந்தது. அதை வெள்ளையன் என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை, கரிச்சான் என்றார்கள். மன்னிப்புக் கேட்க வந்த பைரியை அது கொத்தி விரட்டியது.

"முன்னால போனது போதும். இனி உன் பின்னாலதான் வருவேன்."

'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

கரிச்சானுக்குக் கறுப்பும் இரட்டை வாலும் வாய்த்தது அன்றைக்குத்தான். வல்லூறைக் கண்டால் இன்றும் துரத்துகிறது. பைரியின் கண்ணுக்குக் கீழே அந்தக் கறுப்புக் கோடு இன்னும் அழியவில்லை. அது திருப்பிக் கொத்துவதுமில்லை. எவ்வளவு சுட்டாலும் இனித் தனியாகவே பாய்வது என்று அன்று அது முடிவு செய்தது.