கண்ணாடியில் வழிந்த தண்ணீர்

கோத்தகிரிக்கு மேலே ஒரு சின்ன மடம். அதை நடத்துகிற அம்மாவுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். சீடர் மாசிலாமணிக்கு அறுபது. தேயிலை ஃபாக்டரியில் சூப்பர்வைசராக இருந்தவர். வேலையிலிருந்து ரிட்டயர் ஆகிவிட்டார். அந்த அதட்டல் குரல் மட்டும் இன்னும் ஆகவில்லை.

ஒரு மார்கழியில், விடிந்தும் விடியாததுமாக மூச்சிரைக்க மேடேறி வந்தார்.

“அம்மா, துரோகம் பண்ணினவனை மன்னிக்கிற பக்குவம் எனக்கு வேணும்.”

“யாரு பண்ணினது?”

“வேற யாரு? என் மச்சினன் நடேசன்தான்.”

விஷயம் இதுதான். மாசிலாமணியின் மனைவி பரிமளத்துக்குக் குளிர் ஆகாது, நெஞ்சு கட்டிக்கொள்ளும். அவருக்காகவே இவர் ஆறு மாதம் கடை கடையாக ஏறி இறங்கி, இரட்டைக் கண்ணாடி ஜன்னலாகப் பார்த்து வாங்கினார். ஓரமெல்லாம் ரப்பர் பட்டை, ஊசி நுழைய இடம் கிடையாது. மாட்டிக் கொடுத்தவர் பரிமளத்தின் தம்பி நடேசன், தச்சு வேலைக்காரர். இப்போது தினமும் காலையில் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. எங்கேயோ சந்து விட்டு மாட்டிவிட்டான் என்று மாசிலாமணி அவரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். அன்றோடு நடேசன் வருவதை நிறுத்திவிட்டார்.

தை பிறந்தால் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாத மேடையில் நானும் நிற்க மாட்டேன் என்கிறார் பரிமளம்.

“ஜன்னலைப் பார்க்கலாமா?” என்றார் அம்மா.

போனார்கள். வெளியே புல்லெல்லாம் உறைபனி. வீட்டுக்குள் நல்ல கதகதப்பு. ஹீட்டர் ஒரு பக்கம், கொடியில் ஈரத்துணி, மூலையில் கொதிக்கிற கெட்டில். ஜன்னலில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியிருந்தது.

“பாருங்க, அவன் வேலையோட லட்சணத்தை!”

அம்மா ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடியை ஈரம் போகத் துடைத்தார். நாற்காலியை ஜன்னலை ஒட்டிப் போட்டார்.

“உட்காருங்க. கண்ணாடிக்கிட்டே முகத்தை வச்சுக்கிட்டு, நடேசன் செஞ்சதை ஒண்ணுவிடாமச் சொல்லுங்க.”

“ஜன்னல்கிட்டயா?”

“அதைப் பத்தித்தானே பேச்சு. அதுவும் கேட்கட்டும்.”

மாசிலாமணி ஆரம்பித்தார். ஆரம்பித்தால் நிற்கிற ஆளா? ஜன்னலில் தொடங்கி, முப்பது வருஷத்துக்கு முந்தி தன் கல்யாணத்தில் மச்சினன் தன்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தது வரைக்கும் போனார். கண்ணாடி வெளுத்தது. தோட்டம் மறைந்தது. அவர் மூக்குக்கு நேராக ஒரு சொட்டு உருண்டு இறங்கியது.

“வெளியே மழையா?” என்று கேட்டார் அம்மா.

“இல்லைங்களே.”

“அந்தப் பக்கம் தொட்டுப் பார்த்துட்டு வாங்க.”

போய்த் தொட்டுப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. திரும்பி வந்தவர் உட்காரவில்லை.

“பழைய பலகை ஜன்னல்ல இப்படி வந்ததே இல்லையேம்மா.”

“பலகைச் சந்து வழியா மூச்சு, ஆவி எல்லாம் வெளியே போயிடும். குளிரும் உள்ளே வரும். சந்தே கூடாதுன்னு கேட்டு வாங்கினது யாரு?”

“நான்தான்.”

“நடேசன் ஒண்ணும் சொல்லலையா?”

“தினமும் கால் மணி நேரம் திறந்து வைங்க மாமான்னான். திறந்து வைக்கவாடா இவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கினேன்னு நான்...”



பரிமளம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “என் தம்பி அப்படிச் செய்யறவன் இல்லைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே” என்றார். கண் கலங்கியிருந்தது.

மாசிலாமணிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. சட்டைப் பையைத் தடவினார்.

“கல்யாணத்துக்கு வரச்சொல்லி இப்பவே போன் பண்ணிடறேம்மா.”

“எங்கே வச்சுத் திட்டினீங்க?”

“அவன் பட்டறையில.”

“யாரெல்லாம் இருந்தாங்க?”

“வேலையாளுங்க எல்லாரும். பலகை வாங்க வந்தவங்ககூட ரெண்டு பேர்.”

“பட்டறைக்கு ஆளுங்க எத்தனை மணிக்கு வந்து சேருவாங்க?”

“எட்டரைக்கு.”

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி எட்டு.

“இப்ப கிளம்பினா சரியா இருக்கும்.”