மோதிரத்தை மறுத்தவரும் வாங்கியவரும்

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நாகலாற்றுச் சீமையில் தலைமை நியாயாதிபதி இறந்துபோனார். அடுத்தவரை நியமிக்க வேண்டியவர் அரசர் குமார பூபதி. அந்தப் பதவிக்குத் தகுந்தவர்கள் என்று ஊரார் சொன்னது இரண்டே பேரை: சிதம்பரநாதர், தெய்வநாயகம். பதினைந்து ஆண்டுகள் ஒரே சபையில் வழக்குக் கேட்ட நண்பர்கள்.

அப்போது ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. அரசரின் மைத்துனர் தம் தென்னந்தோப்புக்காக வாய்க்காலை மறித்துவிட்டார் என்று குறிச்சியூர் உழவர்கள் முறையிட்டிருந்தார்கள். கதிர் பால்பிடிக்கும் சமயம். பத்து நாளில் தண்ணீர் வராவிட்டால் பயிர் போய்விடும்.

அரசர் முதலில் சிதம்பரநாதரை அழைத்து முத்திரை மோதிரத்தைக் காட்டினார். "பதவி உமக்குத்தான். அந்த வாய்க்கால் வழக்கை மட்டும் தள்ளிவிடும்."

"விசாரிக்காத வழக்குக்கு நான் வாக்குத் தர முடியாது, மகாராஜா" என்று சொல்லிவிட்டுச் சிதம்பரநாதர் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை தெய்வநாயகத்துக்கு அழைப்பு. அதே மோதிரம், அதே நிபந்தனை. "நீரும் மறுத்தால் மைத்துனர் சொல்லும் ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்" என்றார் அரசர்.

தெய்வநாயகம் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். ஆனால் மைத்துனரின் ஆள் அந்தப் பீடத்தில் உட்கார்ந்தால் குறிச்சியூரின் கதி என்ன என்று அவருக்குத் தெரியும். மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, "தள்ளிவிடுகிறேன், மகாராஜா" என்றார்.

அன்றே சபையில், யார் முகமும் பாராமல் நியாயம் சொல்வேன் என்று எல்லோரும் கேட்கப் பிரமாணம் செய்து மோதிரத்தை அணிந்துகொண்டார். அடுத்த நாள் வாய்க்கால் கரைக்கு நடந்தே போனார். இரு தரப்பையும் கேட்டார். மைத்துனர் காட்டிய ஓலைகளையும் பொறுமையாகப் படித்தார். வாய்க்கால் உழவர்களுடையதுதான். அங்கேயே நின்று தீர்ப்புச் சொல்லி அடைப்பை வெட்டச் செய்தார். தண்ணீர் கடைசி வயலை எட்டும்வரை கரையைவிட்டு நகரவில்லை.

பிறகு நேரே அரண்மனைக்குப் போய் மோதிரத்தைக் கழற்றி வைத்தார். "தங்களிடம் சொன்ன வாக்கை மீறிவிட்டேன். தண்டனை கொடுங்கள்."

"சபையில் செய்த பிரமாணத்தைக் காட்டித் தப்பப் பார்க்கவில்லையா?"

"இரண்டையும் சொன்னது நான்தானே, மகாராஜா."

அரசர் அவரைச் சீமையைவிட்டு வெளியேறச் சொன்னார். ஊரே பார்த்த தீர்ப்பை மாற்ற மட்டும் துணிவு வரவில்லை. சிதம்பரநாதரை மறுபடி அழைத்து, இம்முறை நிபந்தனை எதுவுமின்றி மோதிரத்தைக் கொடுத்தார்.

சீமையின் எல்லைவரை நண்பரோடு நடந்தார் சிதம்பரநாதர். "நீர் பொய் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

"நீர் அன்று வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது" என்றார் தெய்வநாயகம்.

சிதம்பரநாதர் பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பீடத்தில் இருந்தார். அவர் தீர்ப்பில் ஒருவரும் குறை கண்டதில்லை.

கேட்டவர்கள் சொல்லுங்கள்: வாக்குத் தர மறுத்தவர், வாக்குத் தந்து மீறியவர், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: தெய்வநாயகம் செய்ததே சரி. விசாரணைக்கு முன்பே தீர்ப்பைக் கேட்க அரசருக்கு உரிமை கிடையாது. அப்படி வாங்கிய வாக்கு ஒருவரையும் கட்டாது. சிதம்பரநாதர் தவறு செய்யவில்லை; ஆனால் அவருடைய மறுப்பால் குறிச்சியூருக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் வரவில்லை. தெய்வநாயகம் சொன்னது பொய்தான். அதனால் வந்த நன்மையை உழவர்களுக்கு விட்டுவிட்டு, தண்டனையைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். மோதிரத்தைக் கழற்றாமல் இருந்திருந்தால் விடை வேறாகியிருக்கும்.