பள்ளம் வாங்கிய ஆறு

ஒரு காலத்தில் ஓர் ஆற்றுக்குத் தன் மணலைக் கண்டாலே எரிச்சல்.

"அந்தப் பக்கத்து வளைவைப் பார். ஆனை முங்கும் ஆழம். இந்தப் பக்கம் நீ படுத்துக்கொண்டு என்னைக் கன்றுக்குட்டி தாண்டும்படி வைத்திருக்கிறாய். எனக்கு மானம் போகிறது" என்றது ஆறு.

மணலுக்கும் கோபம் வந்தது. "நானாகவா வந்து படுத்தேன்? வளைவின் வெளிப்பக்கம் நீ வெறிபிடித்து ஓடுகிறாய், கரையைக் குடைகிறாய், ஆழமாகிறாய். உள்பக்கம் வரும்போது உனக்கு மூச்சு வாங்குகிறது, சுமந்து வந்த என்னைப் பொத்தென்று போடுகிறாய். உன் நடை எப்படியோ அப்படித்தான் உன் ஆழம். என்னை ஏன் வைகிறாய்?"

பதில் இல்லாதவனுக்குத்தான் வீம்பு அதிகம்.

அந்தக் கோடையில் மணல் அள்ளும் இயந்திரம் ஒன்று வந்து கரையில் நின்றது. "எல்லா இடத்திலும் உன்னை ஆழமாக்கிக் காட்டட்டுமா? எனக்குக் கூலியே வேண்டாம். அள்ளுகிற மணல் போதும்."

கூலி வேண்டாம் என்று சொல்கிறவனிடம்தான் தொண்டை வற்றப் பேரம் பேச வேண்டும். எவ்வளவு, எதுவரை, எங்கே நிறுத்துவாய் என்று ஆறு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"யோசித்துச் சொல்" என்று மணல் கெஞ்சியது. "ஆடிப்பெருக்குக்குச் சீரங்காயி முளைப்பாரி எடுத்துக்கொண்டு அக்கரைக் கோயிலுக்கு என் மேல்தான் நடந்து போவாள். வாழ வந்த வருசத்திலிருந்து அவள் பாதம் எனக்குத் தெரியும்."

"போடா, பொடிப்பயலே" என்றது ஆறு.

லாரி லாரியாக மணல் போயிற்று.

பரிசல்காரன் தவசி அந்தப் பள்ளங்களைக் கண்ணால் பார்த்தவன்தான். வெள்ளம் வந்தால் ஆறே நிரப்பிக்கொள்ளும் என்று இருந்துவிட்டான். அவன் அப்பன் காலத்தில் அப்படித்தான் நிரப்பியது. ஆனால் இப்போது மேலே ஓர் அணை. அது மணலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை மட்டும் விட்டது.

ஆடிப்பெருக்கு அன்று கலங்கல் தண்ணீர் எல்லாப் பள்ளத்தையும் ஒரே மட்டமாக மூடியிருந்தது. தவசி வழக்கமான இடத்தில் மூங்கில் கழியை நட்டு, சிவப்புத் துணி கட்டினான். அந்தக் கழி சொல்லும் ஆழம்தான் ஊருக்கு ஆழம்.

"எவ்வளவுண்ணே?" என்றாள் சீரங்காயி, தலையில் முளைப்பாரியோடு.

"இடுப்பளவு, தாயீ."

"யாரு இடுப்பு? உன் இடுப்பா, என் இடுப்பா?"

"என் இடுப்புதான். உனக்கு நெஞ்சு வரும். பேசிக்கிட்டே போ, உன் வாயை நனைக்கிற தண்ணி இந்த ஆத்துல இன்னும் வரல."

கரையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சீரங்காயியும் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

"ஐயோ, நான் நிற்கிற இடம்தான் எனக்குத் தெரியும்! என்னைத் தாண்டாதே!" என்று கழி அலறியது. மனிதக் காதில் மரத்தின் பேச்சு என்றைக்கு ஏறியிருக்கிறது?

அவள் கழியைத் தாண்டினாள். அடுத்த அடிக்குத் தரை இல்லை.

ஆறு பதறிப்போனது. "பள்ளமே, அவளை மேலே தள்ளு! என்ன வேண்டுமானாலும் தருகிறேன்!"

"எதை வைத்துத் தள்ளுவேன்?" என்றது பள்ளம். "காலைத் தாங்குகிறவனை நீ அனுப்பிவிட்டாய். அவன் போன இடத்துக்குப் பெயர்தான் நான். பேரம் பேச வேண்டியது அன்றைக்கு. இன்றைக்கு என்னிடம் கொடுக்கவும் ஒன்றுமில்லை, வாங்கவும் ஒன்றுமில்லை."

முளைப்பாரிச் சட்டி மட்டும் மிதந்து போயிற்று.

சாயங்காலம் உடலை எடுத்த பிறகு, தவசி வெறிபிடித்தவன் போல அந்தக் கழியைப் பிடுங்கிக் கரையில் வீசினான். பிறகு அருகில் போய்க் குனிந்து பார்த்தான்.

ஈரம் இடுப்பளவில்தான் இருந்தது.