சத்தம் போடாத பையன்கள்

தாராபுரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்த தெய்வானைக்கு மூன்று பையன்கள். மூன்றும் வாலு. கீழே இருந்த வீட்டுக்காரர் அங்கமுத்து ஒரு நாள் கருகருவென்ற மீசையை முறுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“அம்மிணி! இனி மேலேயிருந்து சத்தம் வந்துதுன்னா வீட்டைக் காலி பண்ணிக்க!”

“வராதுங்க. ஆனா பசங்க சத்தமில்லாம இருந்து என்ன ஆனாலும் என்னையக் கேக்கக் கூடாதுங்க.”

“சத்தமில்லாம இருந்தா என்ன ஆயிரும்? கேக்க மாட்டேன், போ!” தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

“வாயைத் திறக்காம விளையாடுங்கடா” என்று தெய்வானை பையன்களை விட்டாள். அன்று வீடு கப்சிப். அங்கமுத்து சுகமாகத் தூங்கி எழுந்து பார்த்தால், தெருச்சனம் மொத்தமும் வாசலில் நின்று சிரிக்கிறது. நடுவில் அவருடைய வெள்ளை நாய், கருகருவென்று முறுக்கு மீசையோடு! கொல்லையில் அவர் ரகசியமாகக் குழைத்து வைத்திருந்த மீசைச்சாயக் கிண்ணம் காலி.

“அம்மிணி!” என்று அலறினார்.

மாடியிலிருந்து தெய்வானை எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, சத்தம் ஏதும் வந்துதுங்களா?”



இப்போதெல்லாம் மாடியில் கொஞ்ச நேரம் சத்தம் நின்றால் போதும், குடிக்கிற காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் படியேறி ஓடி வருகிறார்.

“டேய், கத்துங்கடா! என் கண்ணுகளா, கொஞ்சம் கத்துங்கடா!”