ஆழிமங்கலத்துச் சபை விரிந்த கதை

ஆழிமங்கலத்து ராஜா கண்டீரவனுக்கு நல்ல மனசு. ஆனால் காதில் எது விழுந்தாலும் உடனே அதைச் சட்டமாக்கிவிடுவார். வம்பே அதுதான்.

அவர் சபையில் ஆளுக்கொரு கல் உண்டு. பெரிய ஆளுக்குச் சிம்மாசனத்தை ஒட்டிய கல், சின்ன ஆளுக்குத் தூணோரக் கல். ராஜா அழைக்காமல் கல்லைவிட்டு இறங்கினால் பதவி போய்விடும். மருதப்பர் வெகுகாலம் முதல் கல்லில் நின்றவர். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தார். எழுந்து வந்து பார்த்தால், வானநூல் படித்த சாரங்க பண்டிதர் அவர் கல்லில் நிற்கிறார். மருதப்பருக்குக் கடைசிக் கல். காய்ச்சல் இறங்கிவிட்டது. வயிற்றெரிச்சல் இறங்கவில்லை.

ஒருநாள் பண்டிதர் சொன்னார்: “பிரபு, வானம் விரிகிறது. விண்மீன் கூட்டங்கள் நம்மைவிட்டு விலகி ஓடுகின்றன. தூரத்தில் இருப்பது இன்னும் வேகமாக ஓடுகிறது.”

“யாரைக் கேட்டு ஓடுகின்றன?”

“யாரையும் கேட்கவில்லை, பிரபு.”

“உமக்கு எப்படித் தெரியும்?”

“விலகிப் போகிற பொருளின் ஒளி சிவந்துவிடும். கண்ணால் பார்த்தேன்.”

“சொல்லாமல் ஓடுகிற வெட்கமாக்கும்,” என்றார் ராஜா. தாடியைத் தடவினார். “வானத்துக்கு ஒரு வழக்கம், என் சபைக்கு ஒரு வழக்கமா? சபையில் உள்ள எல்லாம் நாளை முதல் என்னைவிட்டு விலகட்டும். தூரம் கூடினால் வேகமும் கூடட்டும்.”

பண்டிதர் கடைசிக் கல்லை ஓரக்கண்ணால் பார்த்தார். “பேஷ், பிரபு!”

பண்டிதரின் கல் சிம்மாசனத்தை ஒட்டியிருந்தது. தூரமே இல்லாததால் அது அசையவில்லை. மருதப்பரின் கல்லோ, சேவகர்கள் தள்ளத் தள்ள, முதல்நாளே வாசலைத் தாண்டியது. பிறகு தேர்த்தெரு. பிறகு மாட்டுச்சந்தை. கடைசியில் ஊருக்கு வெளியே, யானை குளிக்கிற துறையில் இடுப்பளவு தண்ணீருக்குள் போய் நின்றது. மருதப்பரும் அதன்மேல் நின்றார். ஒரு யானை அவரையும் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு குளிப்பாட்டியது.

செய்தி சொல்ல வழியெல்லாம் ஆட்கள் நின்று, ஆளுக்கொரு வெற்றிலை போட்டு முடித்தபின் கூவினார்கள். ராஜா காலையில் தும்மினால் மருதப்பருக்கு மாலையில் தெரியும். “நூறாண்டு வாழ்க” என்று அவர் சொல்லியனுப்புவார். அது போய்ச் சேரும்போது ராஜா யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். தூரத்தில் இருப்பவனுக்கு எப்போதும் பழைய ராஜாதான்.

துறைக்கு அப்பால் ஓடை. ஓடைக்கு அப்பால் வேற்று நாடு. நாளைக் காலையில் கல் அங்கே போய்விடும். எல்லை தாண்டியவருக்கு ஆழிமங்கலத்தில் பதவியும் இல்லை, வீடும் இல்லை. பண்டிதரின் மைத்துனர் அதற்குள் மருதப்பர் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து, தன் கட்டில் உள்ளே நுழையுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சபையாருக்குச் சாப்பாடு கொடுப்பது அரண்மனை வழக்கம். அன்று காலை சமையற்காரன் ஈச்சான் மிளகு இட்லியைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தான்.

“உமக்கு இட்லி கொண்டுவந்தே என் கால் தேய்ஞ்சுபோச்சு ஐயா.”

“ஈச்சா, ராஜா எங்கே சாப்பிடுகிறார்?”

“சபையிலேதான். தெரியாதா உமக்கு?”

“சபையில் உள்ள எல்லாம் விலகவேண்டும் என்பதுதானே சட்டம்? அவர் இலை மட்டும் ஏன் விலகவில்லை?”

ஈச்சான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

அன்று மதியம் ராஜா உட்கார்ந்தார். உப்பு எட்டியது. சோறு எட்டவில்லை. குழம்பு தூணருகே இருந்தது, பாயசம் வாசலில் இருந்தது. அப்பளம் தேர்த்தெருவில் போய்க்கொண்டிருந்தது.

“என்னடா இது?”

“சட்டம், பிரபு,” என்றான் ஈச்சான். “மருதப்பர் விளக்கிச் சொன்னார்.”

“கூப்பிடு அந்த மருதப்பனை!”

கூவிக் கூவிச் செய்தி போய், சொட்டச் சொட்ட மருதப்பர் வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். ராஜாவுக்குப் பசியில் கண் இருண்டிருந்தது.

“என் சோறு ஏனய்யா என்னைவிட்டு ஓடுகிறது?”

“சோறு தன்னிடத்தில்தான் இருக்கிறது, பிரபு. அதைக் கேட்டால், தாங்கள்தான் ஓடுகிறீர்கள் என்னும். துறையிலிருந்து பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.”

“நானா? நான் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்!”

மருதப்பர் மடியிலிருந்து ஊறிப்போன மிளகு இட்லி ஒன்றை எடுத்தார். “மாவு பொங்கும்போது, மற்ற மிளகெல்லாம் தன்னைவிட்டுப் போவதாகத்தான் ஒவ்வொரு மிளகும் நினைக்கும். நடுமிளகு என்று ஒன்று கிடையாது. வானமும் அப்படித்தான். பண்டிதரையே கேளுங்கள்.”

பண்டிதருக்கு வியர்த்தது. “அது... உண்மைதான், பிரபு.”

“அப்படியானால் நானும் ஒரு மிளகுதானா?”

மருதப்பர் கைகூப்பினார்.

“நல்ல காரமான மிளகு, பிரபு.”

ராஜாவுக்கு அது பிடித்துப்போனது. அந்த இட்லியைப் பிடுங்கித் தின்றார். தெம்பு வந்தது. “பண்டிதரே, இலையை என் பக்கத்தில் வைக்க வானத்தில் வழி உண்டா?”

“உண்டு, பிரபு. ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருப்பவை விலகுவதில்லை. நிலவு பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறதே.”

“அந்த இழுப்பு எங்களுக்கும் உண்டு,” என்றார் மருதப்பர். “எல்லாரும் தங்கள் உப்பைத் தின்றவர்கள்.”

அன்றிரவே கல்லெல்லாம் உள்ளே வந்தன. மைத்துனரின் கட்டில் வெளியே வந்தது.

“என்ன வேண்டும், மருதப்பரே? கேளும்,” என்றார் ராஜா.

“எனக்கு ஒன்றும் வேண்டாம், பிரபு. துறைவரை போனேனே தவிர, வானத்தின் விளிம்பை என்னால் பார்க்க முடியவில்லை. நான் படிக்காதவன். படித்தவர் ஒருவர் போய்ப் பார்த்துவந்தால் நாட்டுக்குப் பெருமை.”

“ஐயோ, வானத்துக்கு விளிம்பே கிடையாது!” என்று அலறினார் பண்டிதர்.

“அப்படியானால் பயமில்லை. இல்லை என்று நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.”

ராஜா அதையும் உடனே சட்டமாக்கிவிட்டார்.

பொழுது விடிந்ததும் பண்டிதர் மூட்டையோடு கிளம்பினார். மருதப்பர் தன் பழைய முதல் கல்லில் கைகட்டி நின்று, அவர் வாசலைத் தாண்டும்வரை பார்த்தார்.

“பண்டிதர் முகம் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது?” என்று கேட்டார் ராஜா.

“விலகிப் போகிறாரே, பிரபு,” என்றார் மருதப்பர்.

ராஜா சிரித்த சிரிப்பு துறைக்குப் போய்ச் சேர மாலையாயிற்று.